இடது கைக் கட்டைவிரல்

என் மாமனார் இடது கைக் கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களுக்குள் மடக்கி வைத்துக்கொண்டுதான் தூங்குவார். கல்யாணமாகி முடிச்சூருக்கு வந்த முதல் வாரத்திலேயே இதைக் கவனித்துவிட்டேன். மத்தியானம் சாப்பிட்டதும் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் படுப்பார். வலது கை எங்கேயாவது தொங்கிக்கொண்டிருக்கும். இடது கை மட்டும் இறுக மூடி நெஞ்சின் மேல் இருக்கும். வாதமாக இருக்குமோ என்று என் ஓரகத்தியிடம், அதாவது என் கணவருடைய அண்ணன் மனைவியிடம் கேட்டேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"வாதமும் இல்ல, ஒண்ணும் இல்ல. தூங்கசொல்ல யாரனா மை தடவி ரேகை எடுத்துக்குவாங்களாம். அதுக்குத்தான் மூடி வச்சிகினு கீறாரு."

"யாரு எடுப்பாங்கக்கா?"

"நேத்து வரைக்கும் நான். இன்னிலருந்து நீயும் சேந்துக்கினே."

எண்பதுகளின் தொடக்கம் அது. அவருக்கு அப்போதே எழுபத்தைந்துக்கு மேல். சரியான வயது யாருக்கும் தெரியாது. கேட்டால், எதற்குக் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்பார். ஏரிக்குக் கீழே இரண்டரை ஏக்கர் நஞ்சை, மேட்டில் வேர்க்கடலை போடுகிற புஞ்சை, ஒரு கிணறு, நான்கு மாடுகள். பத்து வயதில் ஏர் பிடித்தவர், பல்லெல்லாம் கொட்டிய பிறகும் விடியற்காலையில் மடையைப் பார்க்காமல் வாய் கொப்பளிக்க மாட்டார். உழைப்பாளி என்று ஊரே சொல்லும். நானும் சொல்வேன். ஆனால் அந்த உழைப்பில் பாதி, மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதற்கே போனது.

கொல்லைப்புறப் படலை ஒரு முடிச்சுப் போட்டுக் கட்டுவார். அந்த முடிச்சு அவருக்கு மட்டும்தான் வரும். யாராவது திறந்து மறுபடி கட்டினால் கண்டுபிடித்துவிடுவார். பால் கறக்கும்போது எதிரில் நின்றால் கண் வைக்கிறாய் என்பார், நகர்ந்துபோனால் எங்கே போகிறாய் என்பார். பக்கத்து நிலக்காரரோடு வரப்புத் தகராறு வந்தபோது, எல்லைக் கல்லைப் பெயர்த்து அடியில் தோண்டச் சொன்னார். முழங்கை ஆழத்தில் அடுப்புக்கரி இருந்தது. கல்லை நகர்த்துகிறவனுக்குக் கரி இருப்பது தெரியாது, மண்ணில் கரி மக்காது. நாற்பது வருஷத்துக்கு முன்பு அவரே புதைத்து வைத்தது. வழக்கு அன்றோடு முடிந்தது. ஜெயித்தவருடைய முகத்தில் சந்தோஷமே இல்லை. மற்ற மூன்று மூலைகளையும் அன்று சாயங்காலமே தோண்டிப் பார்த்தார்.

அவருக்குப் படிக்கத் தெரியாது. எந்தக் காகிதம் வந்தாலும் மூன்று பேரிடம் தனித்தனியாகக் கொடுத்துப் படிக்கச் சொல்வார். முதலில் நான், பிறகு டீக்கடைக்காரர், கடைசியாக மாதா கோயில் பக்கம் குடியிருந்த வாத்தியார். மூன்று பேர் சொல்வதும் ஒத்துப்போனால்தான் நம்புவார். நான் பத்தாவது முடித்து டைப்ரைட்டிங் பாஸ் செய்தவள், கிண்டியில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. கீழ்க்கட்டளையில் என் பிறந்த வீட்டில் என் எழுத்துக்கு ஒரு மரியாதை இருந்தது. இங்கே மின்சார வாரியத்துச் சீட்டைப் படித்துக் காட்டினால்கூட டீக்கடை வரைக்கும் போய்ச் சரிபார்த்து வந்தார். பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

ஏன் இப்படி என்பதற்கு அவர் ஒரு கதை வைத்திருந்தார். அவருடைய அப்பா செத்துக் கிடந்தபோது பெரியப்பா வந்து பிணத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். அழுது முடித்துப் போன பிறகு பார்த்தால் அப்பாவின் கட்டைவிரல் நீலமாக இருந்ததாம். கிழக்குப் பக்கத்து நிலம் அப்படித்தான் போனதாம். இதைச் சொல்லும்போது அவர் தன் கட்டைவிரலை வேட்டியில் துடைத்துக்கொள்வார். ஆனால் கிழக்குப் பக்கத்துக்காரர்கள் வீட்டில் இதே கதையைத் தலைகீழாகச் சொல்வார்கள். அழுதவர் என் மாமனாருடைய அப்பா, செத்தவர் அவர்களுடைய தாத்தா என்று. எது உண்மையோ. ஒரு கட்டைவிரலில் மை இருந்தது என்பதில் மட்டும் இரண்டு வீட்டாருக்கும் சந்தேகமில்லை.

என் பெரிய பெண் பிறந்ததும் எங்களுக்குத் தனியாக வீடு வேண்டும் என்று ஆனது. பழைய வீட்டில் என் கணவரின் அண்ணனான மூத்தாருடைய குடும்பம், நாங்கள், மாமனார், நெல் மூட்டை எல்லாம் இருந்தோம். மாமனார் யோசித்து யோசித்து ஒரு வருஷம் கழித்து, கடப்பாரையை எடுத்துக்கொண்டு மேட்டுப் புஞ்சைக்கு வந்தார். ஒரு மூலையில் கோடு கிழித்தார். நான்கு கல் நட்டார். ஒவ்வொன்றின் அடியிலும் கரி போட்டார். "கட்டிக்கோ" என்றார் என் கணவரிடம். அவ்வளவுதான். பத்திரம் இல்லை, பதிவு இல்லை, ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

கட்டினோம். என் வளையல்கள் போயின, என் கணவருடைய பி.எஃப். போயிற்று. மூன்று அறை, மேலே தளம், வாசலில் ஒரு கிரில் கேட். கிரகப்பிரவேசத்துக்கு என் அப்பா வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டு, "மனை யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் அதற்குப் பிறகு சாப்பாட்டில் கை வைக்கவில்லை. அன்றிலிருந்து எனக்கும் அந்த வீட்டில் நிம்மதியான சோறு இல்லை. மாமனார் பத்திரம் எழுதித் தராமல் கண்ணை மூடிவிட்டால், அல்லது வேறு யாருக்காவது எழுதிவிட்டால், இரண்டு பெண் குழந்தைகளோடு எங்கே போவது? கேட்டபோதெல்லாம் அவர் சொன்னது ஒன்றுதான்.

"நான் குட்தேன்னு உனுக்குத் தெரியும். எனுக்குத் தெரியும். மத்தவனுக்கு எதுக்கு?"

மத்தவன் என்பது யார் என்றுதான் எனக்குக் கவலை. மூத்தார் நல்லவர் என்று எல்லோரும் சொல்வார்கள். அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. அண்ணனும் தம்பியும் ஒரே ஸ்கூட்டரில் தாம்பரம் போவார்கள், ஒரே இலையில் சாப்பிடச் சொன்னாலும் சாப்பிடுவார்கள். ஓரகத்தியோ எனக்குக் கூடப் பிறந்தவளைப் போலத்தான். நான் காலை மின்சார ரயிலைப் பிடிக்க ஓடும்போது என் பெண்கள் இருவரையும் அவள்தான் குளிப்பாட்டி, தலை சீவி, பள்ளிக்கூடத்தில் விட்டாள். சின்னவளுக்கு அம்மை போட்டபோது ஒன்பது நாளும் வேப்பிலையோடு பக்கத்தில் இருந்தது அவள்தான், நான் அல்ல. ஆபீசில் லீவு இல்லை. என் சின்னப் பெண் அவளைத்தான் முதலில் அம்மா என்று கூப்பிட்டாள். எனக்கு அது வலித்தாலும், அவள் இல்லாமல் நான் ஒருநாள்கூட வேலைக்குப் போயிருக்க முடியாது.

தொண்ணூறுகளில் நிலம் போன வேகம் இப்போது நினைத்தாலும் திகைப்பாக இருக்கிறது. இன்றைக்குக் கத்திரி போட்டிருந்த இடத்தில் அடுத்த மாதம் வெள்ளை அடித்த கற்கள் நிற்கும். வண்ணக் கொடி கட்டி, ஏதோ ஒரு நகர் என்று போர்டு வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வேனில் குடும்பம் குடும்பமாகக் கூட்டிவந்து, பொட்டலச் சாப்பாடு கொடுத்து, பெருங்களத்தூர் ஸ்டேஷன் இங்கிருந்து நடந்துபோகிற தூரம் என்று கூசாமல் சொல்வார்கள். எங்கள் நஞ்சையைச் சுற்றி மூன்று பக்கமும் மனை ஆகிவிட்டது. புரோக்கர் ஒருவர் வாரம் தவறாமல் வருவார். ஒருநாள் அவர் மாமனாரிடம், "பெரியவரே, புள்ளைங்க ரெண்டு பேரும் ஒத்துமையா சரின்னு சொல்லிட்டாங்கோ. நீங்க மட்டும்தான் பாக்கி" என்றார். மாமனார் இரண்டு பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

அந்த வருஷம்தான் அவர் பம்ப்செட் கொட்டகைப் படியில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இந்த வயதில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். எனக்குப் பயம் வந்துவிட்டது. அவருக்காகப் பயந்தேன் என்று எழுத ஆசைதான். வீட்டுக்காகத்தான் பயந்தேன்.

முறை போட்டுக்கொண்டோம். விடியற்காலை நான் போய் முகம் துடைத்து, கஞ்சி ஊட்டிவிட்டு ஆபீசுக்குப் போவேன். பகல் முழுக்க ஓரகத்தி. சாயங்காலம் மறுபடி நான், ராத்திரிக்கு என் கணவர். இந்த ஏற்பாட்டில் பகல்தான் என்னை உறுத்தியது. அந்த எட்டு மணி நேரம் அவர் மூத்தார் குடும்பத்தின் கையில். அவர் மயக்க மருந்தில் கிடந்தார். இடது கை அப்போதும் மூடியே இருந்தது என்றாலும், மருந்து ஏறினால் விரல்கள் தளர்வதை நானே பார்த்தேன்.

அந்த வாரத்தில் ஒருநாள் பஸ் பெருங்களத்தூரில் நின்றபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டீக்கடை பெஞ்சில் மூத்தார் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பத்திரம் எழுதுகிறவர், மடியில் பையோடு. இருவரும் குனிந்து எதையோ பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்க்கவில்லை. இறங்கிப் போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் உஷாராகிவிடுவார்கள் என்று தோன்றியது. அன்று ஆபீசில் ஒரு கடிதம்கூட ஒழுங்காக அடிக்கவில்லை.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பிளாஸ்திரி வாங்கிக்கொண்டு போனேன். மாமனார் தூக்கத்தில் இருந்தார். முஷ்டியை மெல்லப் பிரித்து, கட்டைவிரலைச் சுற்றி ஒட்டினேன். ஆபீசில் ரகசியக் கவரை ஒட்டியதும் மூடியின் மேலும் கவரின் மேலுமாகச் சேர்த்து ஒரு கையெழுத்துப் போடுவோம். யாராவது பிரித்து மறுபடி ஒட்டினால் எழுத்து சேராது. அதே மாதிரி பால்பாயின்ட் பேனாவால் பாதிக் கோடு பிளாஸ்திரி மேலும் பாதிக் கோடு தோல் மேலும் போட்டேன். வார்டு ஆயா கேட்டதற்கு, நகக்கண்ணில் காயம் என்றேன். படலுக்கு முடிச்சுப் போட்டவரைப் பார்த்து இத்தனை வருஷம் சிரித்தவள் நான்.

முதல் நாள் சாயங்காலம் கோடு சேர்ந்திருந்தது. இரண்டாம் நாளும் சேர்ந்திருந்தது. மூன்றாம் நாள் போனபோது பிளாஸ்திரி விரலில் இருந்தது, ஆனால் கோடு ஒரு நூல் விலகியிருந்தது. நான் அதைப் பிரித்தேன். நகக்கண்ணில் நீல மை.

ஓரகத்தி அப்போதுதான் ஃப்ளாஸ்க்கைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். மூத்தார் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றார். மாமனார் விழித்திருந்தார், அதை நான் நன்றாகப் பார்த்தேன்.

"எத்தனை பத்திரத்துல வாங்குனீங்க?" என்று கேட்டேன்.

மூத்தார் திரும்பித் தன் அப்பாவைப் பார்த்தார். "அப்பாவையே கேளும்மா" என்றார் மெதுவாக.

"மருந்துல கெடக்கறவரை என்ன கேக்கறது? எம் பொண்ணுங்க தலைமேல இருக்கற கூரைய எடுக்கத்தான் பகல் முறை வேணும்னு கேட்டு வாங்குனீங்களா? இதுக்குத்தான் எம் பசங்கள வளத்தீங்களாக்கா? நாளைக்கு வெளியே போன்னு சொல்றப்ப அவங்க அழாம இருக்கட்டும்னா?"

வார்டில் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். அந்தக் கடைசி வாக்கியம் என் வாயிலிருந்துதான் வந்தது. இன்றைக்கும் அதை எழுதுவதற்குக் கை கூசுகிறது. ஓரகத்தி ஃப்ளாஸ்க்கைப் பிடித்தபடி நின்றாள். மூத்தார் மறுபடியும் தன் அப்பாவைப் பார்த்தார். இந்த முறை கெஞ்சுகிற மாதிரி பார்த்தார். மாமனார் கண்ணை மூடிக்கொண்டார்.

"இனிமே அவர் கைய நான் தொட மாட்டேன்" என்று ஓரகத்தி சொன்னாள். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. ஃப்ளாஸ்க்கை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனாள்.

அவள் சொன்ன சொல் தவறவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மாமனாரைப் பழைய வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் எங்கள் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தோம். டாக்டருடைய கணக்கைப் பொய்யாக்கிவிட்டு அவர் எழுந்து உட்கார்ந்தார். நான் சம்பளமில்லா லீவு எடுத்தேன், அது தீர்ந்ததும் வேலையை விட்டேன். என் பெண்களுக்கு நானே தலை சீவினேன். பெரியம்மா ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்றேன். என் கணவர் என்னோடும் பேசவில்லை, அண்ணனோடும் பேசவில்லை. ஸ்கூட்டர் அவர்கள் வீட்டில் நின்றது, இவர் பஸ்ஸில் போனார்.

சில வாரம் கழித்து ஒரு காலையில் மூத்தார் கேட்டுக்கு வெளியே வந்து நின்று, உள்ளே வராமல், கம்பிக்கிடையே ஒரு கவரை என் கணவரிடம் நீட்டிவிட்டுப் போனார். மாமனார் அதை வாங்கி என்னிடம் கொடுத்தார். "படி" என்றார்.

செட்டில்மென்ட் பத்திரம். எங்கள் வீடு நிற்கும் மனை, நான்கு எல்லையும் சுத்தமாக எழுதி, என் கணவர் பெயரிலும் என் பெயரிலும். சார்பதிவாளர் ஆஸ்பத்திரிக்கே நேரில் வந்து ரேகை வாங்கியதாகக் குறிப்பு இருந்தது. தேதி நான் சண்டை போட்ட அதே நாள். முதல் சாட்சிக் கையெழுத்து மூத்தாருடையது.

தேதியையும் சாட்சியையும் மறுபடி படித்தேன். டீக்கடை பெஞ்சில் இருவரும் குனிந்து பேசியது எங்கள் வீட்டுக்கான பத்திரம். பிளாஸ்திரியைப் பிரித்தது மாமனாரேதான். காரியம் முடிந்ததும் அவரே இழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறார். வீட்டுக்குப் போகிற வரைக்கும் யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று மூத்த மகனிடமும் மருமகளிடமும் கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். இதையெல்லாம் அவரே சொன்னார், கேட்கக் கேட்க, ஒவ்வொன்றாக.

"அன்னிக்கி நீங்க முழிச்சிட்டுத்தான இருந்தீங்க மாமா? நான் அவ்ளோ பேசினேன். நானேதான் வச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அவர் வெற்றிலையை மடித்தார். பல் இல்லாததால் அதை இடித்துத்தான் போடுவார், அன்று மடித்ததைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு சொல்லணும்?"

"அக்கா மனசு ஒடஞ்சி போச்சு மாமா."

"ரெண்டு பேரும் ஒண்ணா இருந்திருந்தா என் ரேகைய எடுத்தாவது நஞ்சைய வித்துருப்பானுங்க. நான் கண்ண மூட்ற வரைக்கும்கூட தாங்க மாட்டானுங்க. இப்ப ஒருத்தன் கையெழுத்து போட்டா இன்னொருத்தன் போட மாட்டான். உன் வூட்ட உனுக்கு எய்திக் குட்தாச்சி. என் நெலம் எனுக்கு நின்னுச்சி." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நீ இப்டி கத்துவன்னு எனுக்குத் தெரியும்மா" என்றார், ஏதோ பாராட்டுகிற மாதிரி.

எனக்கு அவர்மேல் வந்த வெறுப்பைச் சொல்ல வார்த்தை இல்லை. ஆனாலும் மறுநாள் அவருக்குக் கஞ்சி வைத்தேன். அவரை வெறுப்பதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்றும் தோன்றியது. அவர் ஒரு கணக்குப் போட்டார், அதற்கு வேண்டிய புத்தி என்னிடம் தயாராக இருந்தது. என்னைத் தூண்டக்கூட அவர் மெனக்கெடவில்லை. கண்ணை மட்டும்தான் மூடிக்கொண்டார்.

பழைய வீட்டுக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை ஓரகத்தி கதவைத் திறக்கவில்லை. இரண்டாம் முறை திறந்தாள். பாய் போட்டாள். நான் அழுதேன், தப்பு என்னுதுதான் என்றேன். காப்பி கலந்து என் முன்னால் வைத்துவிட்டு, அடுப்பில் வேலை இருப்பதாகச் சொல்லி உள்ளே போனாள். நான் எழுந்து வரும்வரை அவள் திரும்பி வரவில்லை.

மாமனார் அதற்குப் பிறகு மூன்று வருஷம் இருந்தார். தொண்ணூறைத் தாண்டிவிட்டார் என்று ஊரில் சொன்னார்கள். சுற்றிலும் வீடுகள் எழும்பி, ராத்திரி பகலாக லாரி வந்துபோனபோதும் எங்கள் நஞ்சை மட்டும் பச்சையாக இருந்தது. புரோக்கர் வருவதை நிறுத்திவிட்டார். மாமனாரை நாற்காலியில் தூக்கி வந்து மாடியில் வைத்தால், அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அவர் நினைத்தது நடந்தது. ஒரு தை மாதக் காலையில், எங்கள் வீட்டு முன்னறையில், என் கையால் இரண்டு வாய் பால் குடித்துவிட்டுப் போனார்.

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்கு வரும் பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு, வட்டமாக உட்கார்ந்து அழுவார்கள். எந்தச் சண்டையும் அந்த நேரத்துக்குக் கிடையாது. பத்து வருஷம் பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள்கூட அங்கே கட்டிக்கொண்டு அழுவதைப் பார்த்திருக்கிறேன். மூத்தார் வந்து தலைமாட்டில் நின்றபோதே, அடுத்தது அவள் வருவாள், என் தோளில் விழுவாள், எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பினேன். பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் வாசற்படியில் செருப்பை விட்டாள். மூன்று வருஷத்தில் முதல் முறையாக என் வீட்டுக்குள் வந்தாள். மாமனாரின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள், கையைத் தொடவில்லை. நான் நகர்ந்து இடம் விட்டு இரண்டு கையையும் நீட்டினேன். அவள் என்னைத் தாண்டிப் போய், கோடிவீட்டுப் பால்காரம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, சத்தமாக அழுதாள்.

சுற்றியிருந்த பெண்கள் ஒரு நொடி அழுகையை நிறுத்திவிட்டு, பிறகு தொடர்ந்தார்கள். என் பக்கத்தில் ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் இருந்தது. பாடை எடுக்கும்வரை அங்கே யாரும் வந்து உட்காரவில்லை.